ஈரம் படாத இடம்

கேஷிகா அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், செயலிக் குழுவில் இருந்த பதினெட்டுப் பேரும் பார்க்கும்படி. "வினாத்தாள் திறக்கிற பகுதி ஏன் இவ்வளவு மெதுவா இருக்கு? யார் எழுதினது? முழுசா எடுத்துட்டு வேற எழுதலாமா?" என்று போட்டிருந்தாள். கடைசியில் ஒரு சிரிக்கிற முகம் வேறு.

எழுதியவள் நிஷாந்தி. அவள் அப்போது கொட்டகலை பஜாரில், தான் வேலை பார்க்கும் கொமியுனிகேஷன் கடையில், ஒரு பெரியவரின் அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கொப்பி கேட்டவருக்கு ஆறு கொப்பி எடுத்துவிட்டாள். "ஒண்ணு போதுமே மகள்" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். அவள் காதில் அது ஏறவேயில்லை.

'தாள்பெட்டி' என்று ஒரு செயலி. பழைய ஓ.எல். பரீட்சை வினாத்தாள்களை எல்லாம் போனுக்குள் அடக்கி வைத்திருக்கும். சிக்னல் இல்லாத தோட்டத்து லயத்து வீட்டிலும் திறக்கும். நாலு வருடத்துக்கு முன் இதைத் தொடங்கியது இரண்டே பேர். ஒருவன் தனுஜன்; ஹட்டன் டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், இப்போது கொழும்பில் மென்பொருள் வேலை. மற்றவள் நிஷாந்தி, கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இரண்டு பேரும் ஏ.எல். கணக்கு டியூஷனில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. சேர்ந்தவர்கள் எல்லோரும் தொண்டர்கள்தான்.

அந்தச் செயலியில் வினாத்தாளைத் திறந்து திரையில் காட்டுகிற பகுதி மட்டும் நிஷாந்தியுடையது. நூற்றுத் தொண்ணூறு வரி. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் யூடியூப்பைப் பார்த்துப் படித்து, மூன்று மாதம் மல்லுக்கட்டி எழுதினாள். அவள் வாழ்க்கையில் எழுதிய ஒரே நிரல் அதுதான். அதற்குப் பிறகு எழுதவில்லை. எழுத விடவில்லை என்பது அவள் கட்சி. காரணம், நிஷாந்தி கூப்பிட்டால் யாரும் போன் எடுக்காமல் இருக்க மாட்டார்கள். ஆள் பிடிக்க, ஆளை விடாமல் வைத்திருக்க, கோபித்துக்கொண்டு போனவரைத் திரும்பக் கூட்டி வர அவளை விட்டால் ஆள் இல்லை. தனுஜன் அவளுக்கு 'ஒருங்கிணைப்பாளர்' என்று பெயர் வைத்தான். பெயர் நல்ல நீளமாக இருந்தது.

கேஷிகா உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஜனவரியில் "நானும் ஒதவி செய்யலாமா அக்கா?" என்று நிஷாந்திக்குத்தான் முதலில் எழுதினாள். குழுவில் சேர்த்துவிட்டதே நிஷாந்திதான்; அதை நினைத்து நினைத்து இப்போது பல்லைக் கடித்தாள். வந்த இரண்டு வாரத்தில் அந்தப் பெண் தேடும் பகுதியைப் புதிதாக எழுதிக் கொடுத்தது. அன்றைக்குத் தனுஜன் குழுவில் ஆறு வரி புகழ்ந்தான். நாலு வருடத்துக்கு முன் நிஷாந்தி தன் நூற்றுத் தொண்ணூறு வரியை அனுப்பியபோது அவன் போட்டது ஒரு கட்டைவிரல்.

நிஷாந்திக்குப் பொறாமை. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? வயிறு எரிந்தது. கேஷிகாவின் படம் போனில் தெரிந்தால் எரிந்தது, 'கேஷிகாகிட்ட கேப்போம்' என்று யாராவது சொன்னால் எரிந்தது, அந்தப் பெண் 'அக்கா அக்கா' என்று மரியாதையாக எழுதினால் இன்னும் கூடுதலாக எரிந்தது. கெட்ட பெண்ணாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழியில்லை.

"அது நம்ம நிஷாந்தி எழுதினது" என்று தனுஜன் பதில் போட்டான்.

"ஐயோ சொறி அக்கா! எனக்குத் தெரியாது. பரவால்ல, நல்லா இருக்கு அக்கா" என்று உடனே வந்தது கேஷிகாவின் பதில். அந்தப் 'பரவாயில்லை'யை நிஷாந்தி அன்று முழுக்க மென்றுகொண்டிருந்தாள். மாலையில் கேஷிகா தான் எழுதிய புதுப் பகுதியையும் அனுப்பிவிட்டாள். எது வேகம் என்று ஆளுக்கு ஆள் ஒன்று சொன்னார்கள். தனுஜன்தான் ஒரு வழி சொன்னான்.

"வாயால சண்ட வேணாம். அளந்து பாப்போம். என் போன்ல ரெண்டும் பறக்குது, அதுல அளந்து வேலையில்ல. நம்ம புள்ளைங்க கையில இருக்கிறது அம்மாட பழைய போன். அப்பிடி ஏழு போன் வேணும், ஏழு வீட்டுல. நான் ஒரு சின்ன புரோகிராம் போட்டுக் குடுக்கிறேன். ராவு டேட்டா ஓடுற நேரத்துல, விடிய நாலு மணிக்குப் பழைய பதிப்ப தானா முப்பது தடவ தொறந்து பாத்து, எத்தன செக்கன் எடுத்துச்சின்னு அனுப்பும். அஞ்சு மணிக்குப் புதுப் பதிப்பு. யாரும் கை வைக்கத் தேவையில்ல. ரெண்டு கிழமை ஓடட்டும். எது வேகமோ அது இருக்கும், மத்தது போகும்."

பிறகு ஒரு வரி சேர்த்தான். "நிஷாந்தி, ஏழு வீடும் நீ பாத்துத் தா."

தன் வழக்குக்குத் தானே சாட்சி பிடித்துக் கொடுக்கிற வேலை. அவள் சரி என்றாள். மாட்டேன் என்றால் பயந்துவிட்டாள் என்பார்களே.

வேலையில் குறை வைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று நாளில் ஏழு பழைய போனைப் பிடித்தாள். தேயிலைத் தொழிற்சாலையில் காவல் பார்க்கும் அழகுமுத்து, போனில் உள்ள மகள் கலியாணப் படங்கள் அழிந்து போகாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். பேச்சியம்மா வீட்டில் பேரப்பிள்ளை விளையாட்டு விளையாடி, போட்ட புரோகிராமை இரண்டு தடவை அழித்தது. கொழுந்தெடுக்கும் மீனம்மா ஒன்றுமே கேட்கவில்லை. "புள்ளைங்க படிப்புக்குன்னு சொல்ற, எடுத்துக்க" என்று திரை வெடித்த போனைக் கையில் வைத்துவிட்டார். ஏழு வீட்டுக்கும் நிஷாந்தி ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இது மழக்காலம், போன் நனஞ்சா நாங்க பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும். அதனால ஈரம் படாத எடமா பாத்து வைங்க. சாயங்காலம் சார்ஜ் போட்டு, படுக்கப் போறப்ப கழட்டி வச்சிருங்க. விடிய யாரும் தொடவேணாம், அது தானா ஓடும்."

முதல் நாள் எண்கள் வந்தபோது நிஷாந்தி கடைக்கதவைக்கூடத் திறக்கவில்லை. மழையில் நின்றபடியே பார்த்தாள். வினாத்தாள் ஒன்று திறக்க அவளுடைய பழைய பதிப்புக்கு மூன்று செக்கன். கேஷிகாவின் புதுப் பதிப்புக்கு நாலரை.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். ஏழு போனில் ஆறு நிஷாந்தியின் பக்கம். அழகுமுத்துவின் போன் மட்டும் நேர்மாறாகச் சொன்னது. அதில் கேஷிகாவுடையது ஒன்றரை செக்கனில் திறந்தது. "ஏழுல ஒண்ணு கோணத்தான் செய்யும், அத விடுங்க" என்று தனுஜன் எழுதினான். நிஷாந்திக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு ரீலோட் போட வந்தவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசினாள். பல்கலைக்கழகம் போகாதவள், கடையில் நின்றபடியே எழுதியவள், அவளை எண்ணே தூக்கி நிறுத்துகிறதே என்று உள்ளுக்குள் குதித்தாள்.

புதன்கிழமை மீனம்மாவின் போனிலிருந்து எண் வரவில்லை. கடையை மூடிவிட்டு நிஷாந்தி மலையேறினாள். ஐந்து மணிக்கே பனிமூட்டம் லயத்து வாசல் வரை வந்திருந்தது. முன்வாசல் இஸ்தோப்பில் ஈரச்சாக்கும் கூடையும் கிடந்தன. உள்ளே மீனம்மா எரிகிற அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

"போன் எங்க அத்த?"

"அந்தா, பத்திரமாத்தான் இருக்கு" என்று மீனம்மா மேலே காட்டினார்.

அடுப்புக்கு மேலே விறகு காயப் போடுகிற பலகை. அதில் விறகோடு விறகாகத் தீப்பெட்டி, உப்புப் போத்தல், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களைச் சுற்றிக் கட்டிய பொலித்தீன் பை. நடுவில் போன். நிஷாந்தி எட்டி எடுத்தாள். சுட்டது. சூடு தாங்காமல் அது தானே அணைந்துபோயிருந்தது.

"இங்கயா அத்த வச்சீங்க?"

"நீதானே புள்ள ஈரம் படாத எடத்துல வைக்கச் சொன்ன? இந்த வீட்டுல வேற எது காஞ்ச எடம்? பெட்டிக்குள்ள வச்ச சேலகூடப் பூஞ்சணம் பூக்குது. செவத்த தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. நிஷாந்தி வளர்ந்ததும் இப்படிப்பட்ட லயத்துக் காம்பராவில்தான். அவள் வீட்டிலும் நெருப்புக்குச்சியும் ரேடியோவும் அப்பாவின் சேவைக்காலக் கடிதமும் அடுப்புக்கு மேலேதான் இருந்தன. ஈரம் படாத இடம் என்று ஒரு லயத்து மனுசியிடம் சொன்னால் கை தானாக அங்கேதான் போகும். இதைச் சொல்லும்போது அவளுக்கு அது நினைவு வராமல் போனதுதான் வேடிக்கை.

"விடிய எத்தன மணிக்கு அத்த அடுப்பு மூட்டுவீங்க?"

"நாலரைக்கு. ரொட்டி சுட்டு, புள்ளைக்குக் கட்டிக் குடுத்து, பெரட்டுக்குப் போய்ப் பேர் குடுக்கணும்ல?"

நாலு மணிக்கு ஓடுவது நிஷாந்தியின் பழைய பதிப்பு. அப்போது அடுப்பு அணைந்து, போன் குளிர்ந்து கிடக்கும். ஐந்து மணிக்கு ஓடுவது கேஷிகாவுடையது. அப்போது கீழே தீ எரியும். சூடேறின போன் மெதுவாகி இழுக்கும் என்று கடைக்கு வருகிறவர்களுக்குத் தினம் பத்துத் தடவை சொல்கிறவள் அவள். மீனம்மா கொடுத்த பிளேன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, இஸ்தோப்பில் நின்று மற்ற ஆறு வீட்டுக்கும் போன் போட்டாள். ஐந்து வீட்டில் ஒரே பதில்: அடுப்புக்கு மேலே. அழகுமுத்து மட்டும், "நான் காவல் குடில் மேச லாச்சிக்குள்ள வச்சிருக்கேன் புள்ள, ஏன், தப்பா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போதே குழுவுக்கு எழுதத் தொடங்கினாள். 'போன் எல்லாம் அடுப்புக்கு மேல இருந்திருக்கு, எண் பிழை' என்று முக்கால்வாசி எழுதியாயிற்று. அந்த நேரம் பார்த்துத் தனுஜனின் செய்தி வந்தது. "நிஷாந்தி, நாலு வருசத்துக்கு முந்தி நீ எழுதினத நான் சரியாவே பாக்கல. இப்பத்தான் விளங்குது. நீ தொடர்ந்து எழுதியிருக்கணும்."

நாலு வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் இதை வைத்துக்கொண்டு, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். எழுதியதை அழித்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. அவள் வாயைத் திறப்பதற்கு முன் கேஷிகாவே கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனச்சிக்காதீங்க. போனெல்லாம் எங்க வச்சிருக்காங்க? எங்க அம்மான்னா எதையும் அடுப்புக்கு மேலதான் வைப்பாங்க, அதான் கேட்டேன்."

பாருங்கள், தனுஜனுக்கு இது வருமா? டவுன்காரன், பிறந்ததிலிருந்து கேஸ் அடுப்பு. இந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டது. நிஷாந்திக்கு ஒரு நொடி திக்கென்றது. அடுத்த நொடி கோபம். எல்லாம் உனக்குத்தான் தெரிய வேண்டுமா? மண்டையில் உள்ளது போதாதென்று லயத்து அடுப்பும் உனக்குத்தான் நினைவுக்கு வர வேண்டுமா?

"இல்ல கேஷிகா" என்றாள். "எல்லாம் உள் ரூம்ல, பெட்டி மேல இருக்கு. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"நீங்க பாத்தீங்கன்னா சரிக்கா." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்ப என்கிட்டதான் பிழை. நான் திருப்பி எழுதிப் பாக்கிறேன்."

அவ்வளவுதான். பொய் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு அது இனித்தது. அடுத்த நாளும் கொஞ்சம் இனித்தது. கேஷிகா மூன்று தடவை திருப்பி எழுதினாள். நாலரை, நாலே முக்கால், மறுபடி நாலரை. ஒவ்வொரு தடவையும் குழுவில் 'மன்னிச்சிக்கோங்க, இன்னும் சரி வரல்ல' என்று போட்டாள். புகழ்ந்தவர்கள் எல்லாம் மெல்ல நழுவினார்கள். 'புதுசா வந்தவங்க அவசரப்படக் கூடாது' என்று ஒருவர் எழுதினார். அதைப் படித்தபோது நிஷாந்திக்குச் சந்தோஷம் வரவில்லை. வர வேண்டும் என்று காத்துப் பார்த்தாள், வரவில்லை.

பிறகு கேஷிகா அவளுக்குத் தனியாக எழுதினாள். "அக்கா, இதப் பாத்துக்கிட்டே இருந்ததுல கெம்பஸ்ல ஒரு வேல குடுக்கப் பிந்திருச்சி. பரவால்ல. நீங்க எப்பிடி யோசிச்சி எழுதினீங்கன்னு ஒரு நாளைக்குச் சொல்லித் தருவீங்களா?" நிஷாந்தி அதைத் திறந்து படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்த ஆறு வீட்டுக்கும் போன் போட்டு, இடத்தை மாற்றச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் மாற்றினால் எண் தலைகீழாகும். ஏன் என்று கேட்பார்கள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, அடுப்பு எரிந்தே ஆக வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகலை வாசிகசாலையில் கூட்டம். தனுஜன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். போன் தந்த ஏழு வீட்டாரையும் நன்றி சொல்ல அழைத்திருந்தார்கள்; மீனம்மா கலியாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார். கேஷிகா விடியவே கிளம்பி, நானுஓயாவில் ரயில் பிடித்து வந்து சேர்ந்தாள். நிஷாந்தி அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சின்ன உருவம், நனைந்த ஸ்வெட்டர், கண்ணுக்குக் கீழே கறுப்பு. நேராக நிஷாந்தியிடம் வந்து ஒரு பையை நீட்டினாள். உள்ளே லீக்ஸும் கரட்டும், மண்கூடப் போகாமல்.

"அம்மா குடுத்தாங்க அக்கா. உங்களப் பத்தி வீட்டுல எப்பவும் சொல்லுவேன்."

பை கனத்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், நிஷாந்தி கூட்டம் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

தனுஜன் எழுந்து எண்களைச் சுவரில் காட்டினான். "ரெண்டு கிழமை அளந்திருக்கோம். மறுபேச்சில்ல. நிஷாந்தி எழுதினதே இருக்கட்டும். கேஷிகா எழுதினத எடுத்து வைக்கிறோம்." எல்லோரும் கை தட்டினார்கள். கேஷிகாவும் தட்டினாள், அதுவும் பலமாக. நிஷாந்தி கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது: அவளுடைய வரிகள், அவளுடைய பெயர், அந்தப் பெண்ணின் தோல்வி. அவள் கரட்டுப் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போன் தந்தவங்க யாராவது ரெண்டு வார்த்த பேசுங்களேன்" என்றான் தனுஜன்.

மீனம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர், ஆனால் சொல்ல அவரிடம் ஒன்று இருந்தது.

"எனக்குப் பேசத் தெரியாது. புள்ளைங்க படிப்புக்குன்னு சொன்னாங்க, குடுத்தேன். குடுத்ததோட விடல. இந்த மழைக்கு ஒரு சொட்டு ஈரம் படாம, அடுப்புக்கு மேல வச்சுப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டேன். நம்ம நிஷாந்தி புள்ளகூட நேர்ல வந்து பாத்துட்டுத்தான் போச்சு. எங்க லயத்துல எல்லாரும் அப்பிடித்தான் வச்சிருக்கோம்."

பேச்சியம்மாவும் தலையாட்டினார். கை தட்டத் தொடங்கிய தனுஜன் பாதியில் நிறுத்தினான். "அடுப்புக்கு மேலயா? எத்தன மணிக்கு அடுப்பு மூட்டுவீங்க?" என்று கேட்டான். மீனம்மா சொன்னார். அவன் சுவரில் இருந்த எண்களைப் பார்த்தான், பிறகு நிஷாந்தியைப் பார்த்தான்.

"நீ போய்ப் பாத்தியா?"

நிஷாந்தி கேஷிகாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது: வியாழக்கிழமை போன், பெட்டி மேல என்ற சொல், மூன்று தடவை திருப்பி எழுதியது, பிந்திப்போன கெம்பஸ் வேலை. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கேஷிகா எழுந்து நின்றாள்.

"அக்கா பாத்துட்டு எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன் தனுஜன் அண்ணா. என் பிழைதான்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. தனுஜன் நம்பிவிட்டான், முகத்திலேயே தெரிந்தது. நிஷாந்தி பேசாமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அவளுக்குள் முதலில் வந்தது நிம்மதி இல்லை. அதே பழைய எரிச்சல்தான். நல்ல நிரல் எழுதுவதிலும் நீதான் முன்னால், நல்லவளாக இருப்பதிலும் நீதானா முன்னால்? எனக்கென்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாயா? அந்த எரிச்சலிலேயே எழுந்தாள். மடியிலிருந்த பை விழுந்து கரட்டுகள் தரையில் உருண்டன.

"பொய். நான் சொல்லல. அவ கேட்டா, அடுப்புக்கு மேலயான்னு கேட்டே கேட்டா. நான் இல்லன்னுட்டேன். பெட்டி மேல இருக்குன்னு சொன்னேன்."

"ஏன் நிஷாந்தி?" என்றான் தனுஜன்.

"பொறாம" என்றாள். அழகாகச் சொல்ல வேறு வார்த்தை இருந்திருக்கலாம், வரவில்லை. "அவ எழுதினது நல்லாருக்குன்னு எனக்கு மொதல்லயே தெரியும். அதான்."

மீனம்மா பயந்துபோய், "நான் ஏதும் தப்பா வச்சிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்ல அத்த. நீங்க நான் சொன்ன மாதிரிதான் வச்சீங்க. தப்பா சொன்னது நான்."

கேஷிகா குனிந்து கரட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள். பையை நிஷாந்தியின் நாற்காலியில் வைத்தாள். கைக்குக் கொடுக்கவில்லை. மூன்று மணி ரயிலுக்குப் போனபோது சொல்லிக்கொள்ளவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. திட்டி எழுதியிருப்பாள் என்று நினைத்துத்தான் நிஷாந்தி திறந்தாள். இரண்டு வரி இருந்தது.

"திரும்ப அளக்கணும் அக்கா. போன் வச்சிருக்கிற எடத்த ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து அனுப்புங்க."

நிஷாந்தி கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஏழு வீட்டுக்கும் நடந்தாள். அழகுமுத்துவின் போன் லாச்சியிலேயே இருக்கட்டும் என்று விட்டாள்; மற்ற ஆறு வீட்டிலும் போனை இறக்கி, துடைத்து, காய்ந்த துணியில் சுற்றி, உள் ரூமில் பெட்டி மேல் வைத்தாள். ஏழு போட்டோ எடுத்து அனுப்பினாள். 'சரி' என்று பதில் வந்தது. 'அக்கா' இல்லை.

ஐந்து நாள் அளந்தார்கள். நிஷாந்தியுடையது மூன்று செக்கன், கேஷிகாவுடையது ஒன்றரை. ஏழு போனும் ஒன்றுபோலச் சொன்னன. நூற்றுத் தொண்ணூறு வரியை நீக்குகிற வேலையை யாரிடமும் கொடுக்காமல் நிஷாந்தியே செய்தாள், கடையில் இரண்டு போட்டோக்கொப்பிக்கு நடுவில். அழவில்லை. மீனம்மாவின் போனில் புதுப் பதிப்பைத் திறந்து பார்த்தபோது வினாத்தாள் கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது. உண்மையிலேயே நல்ல வேலை என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. இடம் மாறியிருக்கிறது. 'நீங்க பாத்தீங்கன்னா சரிக்கா' என்று ஒரு பெண் ஒரு வியாழக்கிழமை சொன்னாள் அல்லவா, அதைக் கேட்டுக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்த அந்த நிஷாந்தியை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது. ஒரு வார்த்தை சொன்னால் நம்புவார்கள் என்ற நிலைமையில் இருந்தவள் அவள். அளக்கிற வேலை இப்போதும் நடக்கிறது, வேறு வேறு பகுதிகளுக்கு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிஷாந்தி ஏழு வீட்டுக்கும் போய் ஏழு போட்டோ எடுத்து அனுப்புகிறாள். போட்டோ வேண்டாம், நீங்கள் சொன்னால் போதும் என்று கேஷிகா இன்னும் எழுதவில்லை.